முதலில் அட்வான்ஸ் கொடுத்தவன்

வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை என்று எங்காவது நோட்டீஸ் ஒட்டியிருந்தால், அதைக் கிழிக்காமல் என்னால் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. பஸ் ஸ்டாண்டுச் சுவர், கரண்டுக் கம்பம், டீக்கடைப் பக்கத்துத் தகரம், எதையும் விட்டதில்லை. ஒருமுறை உத்தமபாளையத்தில் கூட வந்த சின்னம்மா வெட்கப்பட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நகத்துக்குள் பசை போய்விட்டது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அட்வான்ஸுக்கு இருக்கிற மரியாதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. என் அத்தாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். கவாத்து வெட்டி முடித்து, கொடியில் பூ எடுக்கும் முன்பே வியாபாரி வந்து வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் வைத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு வேறு ஆள் எவ்வளவு கூட்டிக் கேட்டாலும் பழம் கிடையாது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் ஏற்றுகிற கங்காணியும் அட்வான்ஸ் கொடுத்துத்தான் பெண்களைப் பிடிப்பார். முதலில் காசை இறக்குகிறவன் நம்மை நம்பி இறக்குகிறான், நாம்தான் அவனுக்குத் துரோகம் பண்ணாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே ஒருத்தன் வந்தான்.

கரண்டு கட் அதிகமாகத் தொடங்கியிருந்த வருஷம் அது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவு மூப்பு வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய பணத்தில் வாங்கியது. பூ வேலை செய்த துணி போட்டு மூடி, விருந்தாளி வந்தால் மட்டும் திறந்து காட்டுவோம். ஒருநாள் பேப்பருக்குள் வைத்து ஒரு நோட்டீஸ் வந்தது. வீட்டிலிருந்தே டைப் செய்யலாம், பெண்களுக்கு முன்னுரிமை. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘நீங்கள் ஒரு பைசா கட்ட வேண்டாம், முன்பணம் நாங்களே தருகிறோம்.’

அத்தா அதைத்தான் இரண்டு தடவை படித்தார். “நம்மகிட்டக் காசு கேட்டாத்தான் திருட்டுப் பய. இவுக குடுக்குறேன்றாக. போய்ப் பாத்துட்டு வருவோம்” என்றார். வீட்டை விட்டு வெளியே போகாமல் பெண் பிள்ளை நாலு காசு பார்ப்பது அம்மாவுக்கும் பிடித்திருந்தது.

கம்பத்தில் ஓர் உரக்கடைக்கு மேலே மாடியில் அவன் ஆபீஸ். வெள்ளைச் சட்டை, சந்தன நிறத்தில் பேன்ட், நாற்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அத்தாவை ‘அண்ணாச்சி’ என்றான், என்னைத் ‘தங்கச்சி’ என்றான். நடுவில் போனை எடுத்து “சாரே, சாரே” என்று மலையாளத்தில் யாரிடமோ பேசினான். கம்பெனி கொச்சியில் இருக்கிறதாம். பேசி முடித்து, ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், அதன் மேல் ஐந்து நூறு ரூபாய்த் தாள் வைத்து அத்தாவிடம் நீட்டினான். ரெண்டு கையாலும் நீட்டினான். அத்தா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் ஸ்டாம்பு பேப்பர் வெளியே வந்தது. அதற்கும் அப்புறம்தான், “தங்கச்சியோட ஒரிஜினல் சர்டிபிகேட் மட்டும் கம்பெனி பத்திரத்துக்கு இங்கன இருக்கட்டும் அண்ணாச்சி, வேலை முடிஞ்சதும் கையோட வாங்கிக்கலாம்” என்றான். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், ஆசிரியர் பட்டயம் எல்லாம். காசை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சர்டிபிகேட் தர மாட்டோம் என்று எப்படிச் சொல்வது? அவன் நம்மை நம்பியிருக்கிறான், நாம் அவனை நம்ப வேண்டாமா? அத்தாவுக்கு அந்த நியாயம். எனக்கும் அதே நியாயம்தான். முதலில் காசு கேட்டிருந்தால் வாசலிலேயே திரும்பியிருப்போம். அந்தக் களவாணிக்கு அது தெரியும்.

ஒரு சிடி கொடுத்தான். உள்ளே பக்கம் பக்கமாக ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தைப் படம் பிடித்து வைத்திருந்தது. வெளிநாட்டு நோயாளிகள், மருந்துப் பெயர்கள், வாயில் நுழையாத ஊர்கள். எழுத்தெல்லாம் தண்ணீரில் நனைந்த மாதிரிக் கலங்கியிருக்கும். ஆறா எட்டா, கமாவா புள்ளியா என்று முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். கரண்டு இருக்கிற நேரமெல்லாம் டைப் அடித்தேன். அம்மா சோற்றைக் கொண்டுவந்து கையில் கொடுப்பாள். ஒரு பக்கத்துக்குப் பத்துத் தப்புக்கு மேல் போகக் கூடாது என்பது ஸ்டாம்பு பேப்பரில் இருந்த விதி.

முடித்துக் கொடுத்தேன். “ரிஜெக்ட் ஆயிருச்சு தங்கச்சி” என்றான். முகத்தில் அவ்வளவு வருத்தம்.

“எங்க தப்புன்னு காட்டுங்கண்ணே.”

“அதைக் கம்பெனிதான் சொல்லும். நம்ம கையில என்ன இருக்கு?”

மறுபடி ஒரு சிடி. மறுபடி ரிஜெக்ட். மூன்றாவது தடவை கேட்டபோது ஸ்டாம்பு பேப்பரை எடுத்து வைத்து, நான் படிக்காமல் விட்ட ஒரு பத்தியில் விரலை வைத்தான். வேலையைச் சரியாக முடிக்காதவர் கம்பெனிக்கு நஷ்டஈடு கட்ட வேண்டும். கட்டுகிற வரைக்கும் சர்டிபிகேட் கம்பெனியின் பொறுப்பில் இருக்கும். அவன் கேட்ட தொகை அத்தாவின் ஒரு வெட்டுத் திராட்சைக் காசு, ஒரு அறுவடை முழுசும். கோர்ட்டு விவரம் தெரிந்த மாமா ஒருவரிடம் பேப்பரைக் காட்டினோம். “கையெழுத்துப் போட்டிருக்கியேம்மா, கேஸு வருஷக்கணக்கா இழுக்கும்” என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு அழைப்பு வந்தது. பதிவு மூப்பில் என் முறை வந்துவிட்டது, தேனியில் சான்றிதழ் சரிபார்ப்பு, ஒரிஜினலோடு வரவும். அம்மா அந்தக் கடிதத்தைக் குர்ஆன் வைக்கிற அலமாரியில் வைத்தாள். அரசுப் பள்ளி டீச்சர். அதற்காகத்தான் நான் பயிற்சி முடித்தேன், அதற்காகத்தான் வந்த ரெண்டு மாப்பிள்ளைகளை அத்தா தள்ளிப்போட்டார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கம்பத்துக்கு ஓடினேன். ஒரே ஒரு நாளைக்குக் கொடுங்கள், கூடவே ஆள் அனுப்புங்கள், காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று அழுதேன். அவன் கடிதத்தை வாங்கிப் படித்தான், தேதியையும் பார்த்தான். பிறகு ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, நஷ்டஈட்டை ரெண்டு மடங்காக்கினான். “கவர்மென்ட் வேலையாச்சே தங்கச்சி. ஒரே வருசத்துல எடுத்துரலாம்” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன். யாருக்கும் கொடுத்துத் தீர்க்கவில்லை.

அத்தா தோட்டத்தின் பேரில் கடன் கேட்டு அலைந்தார். கேட்ட அளவு புரளவில்லை. இருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவன் வாங்கவில்லை. முழுசாகக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டான்.

சரிபார்ப்பு நாளில் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு தேனிக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா நல்லவர்தான். “சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரிஜினலைக் காட்டிரும்மா, அதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியாது” என்றார். பஸ் பிடித்துக் கம்பத்துக்கு வந்தேன். அவன் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. போன் சுவிட்ச் ஆஃப். உரக்கடைக்காரர், “அவுக காலையிலயே குமுளிக்குப் போறேன்னு போனாக” என்றார். நான் வருவேன் என்று தெரிந்தே போயிருக்கிறான். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து உர மூட்டை நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. அஞ்சு மணி ஆனது. என் இடம் எனக்கு அடுத்திருந்த யாருக்கோ போய்விட்டது. யாரென்று எனக்குத் தெரியாது, அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

அந்தப் படியில் இன்னொரு பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். மார்க்கையன்கோட்டைக்காரி, ஆறு மாதக் கர்ப்பிணி. அவளும் சர்டிபிகேட்டுக்காகத்தான் வந்திருந்தாள். பேச்சுக் கொடுத்தபோது தன் சிடியில் வரும் முதல் நோயாளியின் பெயரைச் சலிப்போடு சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நோயாளிக்கு என்ன வியாதி என்று நான் சொன்னேன். என்ன மாத்திரை என்று அவள் சொன்னாள். ஒரே பக்கத்தை நாங்கள் ரெண்டு பேரும் அடித்திருக்கிறோம். வேலை நிஜமாக இருந்தால் ஒரே பக்கத்தை எதற்கு ஊரெல்லாம் கொடுத்து அடிக்க வைக்க வேண்டும்? கம்பெனியும் இல்லை, கொச்சியும் இல்லை. நாங்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அடித்ததையெல்லாம் உலகத்தில் ஒருத்தர்கூடப் படித்துப் பார்த்ததில்லை.

அதுவரைக்கும் நான் அழுதுகொண்டிருந்தேன். அதற்கப்புறம் அழவில்லை.

அடுத்த சில வாரம் நாங்கள் ரெண்டு பேரும் மாறி மாறி அந்தப் படியடிக்குப் போனோம். அழுத முகத்தோடு இறங்கி வருகிற பெண்களைப் பிடித்து விஷயம் சொன்னோம். இருபது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர், கடமலைக்குண்டிலிருந்துகூட ஒருத்தி. கூட்டமாகப் போய்ச் சத்தம் போடலாம் என்றார்கள் சிலர். நான் வேண்டாம் என்றேன். சத்தம் போட்டால் சர்டிபிகேட்டை எரித்துவிட்டு ஓடுவான். அவனே அதைத் தன் கையால் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஆசை காட்டினால் வருவான். ஆசையில் விழ வைக்கிற தொழில்காரனுக்கும் ஆசை இருக்கும்தானே.

மார்க்கையன்கோட்டைப் பெண்ணின் மாமனார் நெல் வியாபாரி. அவரை விட்டுப் போன் பேசச் சொன்னோம். எங்கள் ஊரில் படித்த பிள்ளைகள் நாற்பது பேர் வேலைக்குத் தயாராக இருக்கிறார்கள், ஆனால் ஒரிஜினலைக் கொடுக்கப் பெரியவர்கள் யோசிக்கிறார்கள், மற்றவர்களுடையதை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று ஒருதரம் கொண்டுவந்து காட்டினால் அன்றைக்கே எல்லோரும் கொடுத்துவிடுவார்கள் என்று சொன்னார். நெல் பேரம் பேசுகிற குரலில், அவசரமே இல்லாமல் சொன்னார். அவன் மறுநாளே ஒரு சூட்கேஸோடு வாடகைக் காரில் வந்து இறங்கினான். வெள்ளைச் சட்டை, சந்தன நிறப் பேன்ட்.

நெல் குடோனுக்குள் கூட்டிப்போய் நாற்காலி போட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். சூட்கேஸைத் திறந்து, ஒவ்வொருத்தி சர்டிபிகேட்டும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் இருப்பதைப் பெருமையாகக் காட்டினான். அப்போது மூட்டை அடுக்குக்குப் பின்னாலிருந்து நாங்கள் வந்தோம். வாசலில் லோடுமேன்கள் நின்றுகொண்டார்கள். அவன் முகம் வெளுத்ததை நான் நிதானமாகப் பார்த்தேன். கண்ணைச் சிமிட்டக்கூட எனக்கு மனசில்லை.

சூட்கேஸைப் பிடுங்கிக்கொண்டு அவனை அனுப்பியிருக்கலாம். மற்றவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டரை அத்தாவின் வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுவந்து வைத்திருந்தேன். அதில் அவன் கொடுத்த சிடியைப் போட்டு முதல் பக்கத்தைத் திறந்தேன். “உக்காருங்கண்ணே. இந்தப் பக்கத்தை அடிங்க. ஒவ்வொரு தப்புக்கும் ஒருத்தியோட சர்டிபிகேட்” என்றேன்.

“தங்கச்சி, வெளையாடாதீங்க.”

“ஸ்டாம்பு பேப்பர் வேணுமா? அதுவும் வச்சிருக்கேன்.”

அடித்தான். ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி. இத்தனை பெண்களை ரிஜெக்ட் பண்ணினவனுக்கு டைப் அடிக்கவே தெரியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் பெண்கள் நின்று, ஸ்டாம்பு பேப்பரில் போட்டிருந்தபடி, இடம் விட்டது ஒரு தப்பு, கமா போனது ஒரு தப்பு, பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒரு தப்பு என்று சத்தமாகச் சொன்னார்கள். ஒரு தப்பு விழும்போது ஒருத்தி போய்த் தன் கவரைத் தேடி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கடமலைக்குண்டுப் பெண் தன் கவருக்கு முத்தம் கொடுத்தாள். சட்டையெல்லாம் வேர்த்து முதுகோடு ஒட்டிப்போய், ஒரு கட்டத்தில் அவன் அழ ஆரம்பித்தான். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்சம் பயந்திருந்தேன், வரவில்லை.

“பாவம்த்தா, போதும், விட்ரு” என்றாள் மார்க்கையன்கோட்டைப் பெண்ணின் மாமியார். அத்தாவும் என் பக்கம் திரும்பி, “போதும்மா” என்றார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தை முடிக்கட்டும் என்றேன்.

கடைசியில் என்னுடையது மட்டும் மிஞ்சியது. அவன் அதற்குள் உஷாராகிவிட்டான். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரியைத் தப்பே இல்லாமல் அடித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“ரிஜெக்ட்” என்றேன்.

“எங்க தப்பு? எங்க தப்பு காட்டுங்க!”

“அதைக் கம்பெனிதான் சொல்லும்.”

குடோனே சிரித்தது. லோடுமேன்கள் தோளில் கிடந்த துண்டை வாயில் பொத்திக்கொண்டார்கள். நான் என் கவரை எடுத்தேன். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஒரு மடிப்புக்கூட இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் இது என் கையில் இருந்திருந்தால் நான் டீச்சர்.

போலீஸில் ஒப்படைக்கலாம் என்றேன். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பொம்பளப் பிள்ளைகள் பெயரெல்லாம் பேப்பரில் வரும், கல்யாணம் ஆகாத பிள்ளைகள் இருக்கிறார்கள், கிடைத்த வரைக்கும் லாபம் என்றார்கள். அவனைக் காரில் ஏற்றி அனுப்பினார்கள். மோர் கொடுத்த டம்ளரைக் கழுவி வைத்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

நான் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் சேர்ந்தேன். அவர்கள் கொடுக்கிற சம்பளத்தில் பஸ்ஸுக்குப் போக மிச்சம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. சில மாதம் கழித்து போடியிலிருக்கிற பெரியம்மா வீட்டில் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸைப் பார்த்தேன். வேறு பெயர், வேறு போன் நம்பர். கொட்டை எழுத்தில் அதே வரி, முன்பணம் நாங்களே தருகிறோம். அடுத்த சனிக்கிழமை அதிலிருந்த விலாசத்துக்குப் போய் மாடிப்படிக்குக் கீழே நின்றேன். வருகிற பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நாலு சனிக்கிழமையில் போடிக் கடையைக் காலி பண்ணினான்.

பிறகு தேனியில் திறந்தான், செல்போன் கடைக்கு மேலே. வீட்டில் எல்லோரும் சத்தம் போட்டார்கள். ஊரில் ஏமாறுகிறவர்களுக்கெல்லாம் நீதான் காவலா என்றாள் அம்மா. காவல் ஒன்றும் இல்லை. ஊருக்கு நல்லது செய்யப் போகிறேன் என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அவன் ஒரு மாசமும் நிம்மதியாகச் சோறு தின்னக் கூடாது, அவ்வளவுதான். போகிற போக்கில் நாலு பிள்ளைகள் தப்பித்தால் தப்பிக்கட்டும்.

தேனியில் மூன்றாவது வாரம் அவனே கீழே இறங்கி வந்தான். சட்டை கசங்கியிருந்தது, தாடி நரைத்திருந்தது. கையெடுத்துக் கும்பிட்டான்.

“உன் சர்டிபிகேட்டத்தான் வாங்கிட்டியே தாயி. இன்னும் என்னதான் வேணும் ஒனக்கு?”

“வேலை வேணும்னுதானே ஒங்ககிட்ட வந்தேன்” என்றேன். “கெடச்சிருச்சு. இதான் என் வேலை.”

அதற்குள் ஒரு சின்னப் பெண் அவள் அப்பாவோடு ரோட்டைக் கடந்து வந்து, மாடியில் இருந்த போர்டை அண்ணாந்து பார்த்தாள். கையில் பிளாஸ்டிக் கவர் இருந்தது. நான் அவனைத் தாண்டிப் போய், “இங்கன வாத்தா, ஒரு நிமிசம்” என்று அவளைக் கூப்பிட்டேன்.